காலையிலேயே போட்ட மதியக் கோடு

டீச்சர்,

முதலில் அந்தச் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துக் கண்டக்டர்கள் டிக்கெட்டில் துளை போட ஒரு கருவி வைத்திருப்பார்களே, அதன் வாயில் டிக்கெட்டைக் கொடுத்து அழுத்தினால் 'டக்' என்று கேட்குமே, அந்தச் சத்தம். போன மாதம் ஒரு மதியம் எங்கள் வீட்டு டி.வி.யிலிருந்து கேட்டது. நான் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த நொடியே இன்னொரு 'டக்'. மடியில் இருந்த முறம் சரிந்து மொச்சை தரையெங்கும் ஓடிற்று.

"என்னாச்சு? பிரஷர் மாத்திரை போட்டியா இல்லியா?" என்றார் என் வீட்டுக்காரர், கட்டிலில் படுத்தபடியே.

"படத்துல டிக்கெட்ல ஓட்டை போடுறாங்க."

"அதுக்கா இப்படி மூச்சு வாங்குது? கொலை நடந்தா முன்கூட்டியே எழுப்பிவிடு, ஆம்புலன்சுக்குச் சொல்லணும்" என்று சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருக்கிறவர். அவருக்கும் தெரியாது.

படத்தைப் போட்டுக் கொடுத்தது உங்கள் மகள். நீங்கள் போன பிறகு உங்கள் பீரோவை ஒழித்தபோது பழுப்புத்தாள் அட்டை போட்ட ஒரு புத்தகம் கிடைத்ததாம். உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் கையெழுத்தில் 'கணக்கு டீச்சருக்கு' என்று இருந்ததாம். கொண்டுவந்து கையில் கொடுத்தாள். பாச்சை உருண்டை வாசனை. தலைப்பைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. வாங்கிய கையோடு மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"இந்த நாவலை ஜப்பான்ல படமா எடுத்துட்டாங்க ஆன்ட்டி. அம்மா பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நீங்களாச்சும் பாருங்க" என்று டி.வி.யில் எதையோ அழுத்தி வைத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? என்ன காரணம் சொல்வது?

நீங்கள் படத்தைப் பார்க்கவில்லையே, அதனால் சொல்கிறேன். கதை உங்களுடையதுதான். எனக்குச் சொன்னதே நீங்கள்தானே. பனி கொட்டும் சின்னத் தீவு. அக்கரைக்குப் போக ஒரே ஒரு படகு. படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் மனிதர் கிழிந்த கையுறை போட்டுக்கொண்டு கரி அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் மேசையில் ஒவ்வொரு பயணிக்கும் ஓர் அடிச்சீட்டு இருக்கும். போகும்போது அதில் ஒரு துளை. திரும்பி வரும்போது இன்னொரு துளை. இரண்டு துளை இருந்தால் ஆள் தீவுக்குத் திரும்பியாயிற்று என்று கணக்கு. குளிரில் விரல் விறைத்துப்போகிறது என்று அந்த மனிதர் காலையிலேயே இரண்டு துளைகளையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார். சின்னத் தீவுதானே, போனவர்கள் எல்லோரும் சாயங்காலம் திரும்பத்தானே போகிறார்கள்.

ஒரு நாள் ஒரு மீனவரின் மனைவி அக்கரைக்குப் போகிறாள். திரும்பவில்லை. ஆனால் அடிச்சீட்டில் இரண்டு துளை இருக்கிறது. அப்படியானால் அவள் தீவுக்கு வந்திருக்கிறாள். அப்படியானால் தீவில்தான் அவளுக்கு என்னவோ நடந்திருக்கிறது. எல்லோரும் புருஷனைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டேன். திரையில் டிக்கெட் மனிதரின் முகம் அப்படியே நின்றது. எனக்கு வகுப்பில் எதையும் எடுத்துக்காட்டோடு சொல்லித்தான் பழக்கம். அந்த முகத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், அன்று தலைமையாசிரியர் அறையில் நின்ற என் முகம்.

அதை நாம் இருவரும் கடைசி வரை பேசவே இல்லை, இல்லையா டீச்சர்? இன்று முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு 'பி' மாடியில் இருந்தது. நான் அதற்கு வகுப்பாசிரியை. வருகைப் பதிவேட்டில் காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு அதற்கு எதிராக இன்னொரு சாய்கோடு. இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி. முழு நாளும் பிள்ளை பள்ளியில் இருந்தது என்று அர்த்தம். மதியம் முதல் பீரியட் உங்களுடைய ஆங்கிலம். அந்த ஒரு கோட்டுக்காக நான் இருபத்திரண்டு படி ஏறி வர வேண்டும். அதனால் காலையிலேயே பெருக்கல் குறியாகப் போட்டுவிடுவேன். நான் மட்டுமா, பாதிப் பேர் அப்படித்தான். மதியம் யாராவது இல்லையென்று தெரிந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

அன்று வியாழக்கிழமை. சுமதி மதியம் இல்லை. எனக்குத் தெரியாது.

சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து நான் கிளம்பும்போது அவள் அப்பா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். பிள்ளை வீட்டுக்கு வரவில்லை. தலைமையாசிரியர் பதிவேட்டை எடுத்து விரித்தார். சுமதி பெயருக்கு நேராகப் பெருக்கல் குறி, என் சிவப்பு மையில்.

"மத்தியானம் இருந்திருக்காளே. என்ன டீச்சர், இருந்தாதானே?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்லியிருக்கலாம். 'தெரியலை சார், காலையிலேயே போட்டுட்டேன்.' அவ்வளவுதான், ஒரு வாக்கியம். மெமோ வரும், எல்லோர் முன்னாலும் தலைகுனிய வேண்டி வரும். அதைவிட, அந்த அப்பாவின் கண்கள். வாய் தானாகப் பேசிற்று.

"ஆமா சார். மதியம் இருந்தா."

அந்தச் சொற்கள் என் வாயை விட்டு வெளியே போன சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. 'டக்.'

மதியம் இருந்தாள் என்றால் பள்ளி விட்ட பிறகுதான் காணாமல் போயிருக்கிறாள். பள்ளி விட்டால் அவள் ஏறுவது அடைக்கலத்தின் ஷேர் ஆட்டோவில். ஆட்டோக்காரர் அடைக்கலத்தை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் பிள்ளைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் விடுகிறவர், முன் கண்ணாடியில் மாதா படமும் முருகன் படமும் ஒட்டியிருப்பார். "அந்தப் புள்ள இன்னைக்கு ஏறவே இல்லீங்க" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாராம். ரிஜிஸ்டரில் இருக்கிறதே. டீச்சரே சொல்லிவிட்டார்களே. விளக்கு வைப்பதற்குள் சுமதியின் சொந்தக்காரர்கள் அவரை ஆட்டோவிலிருந்து இழுத்துப் போட்டு அடித்துவிட்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை நார்த்தாமலைப் பக்கத்துக் கல்குவாரியில் தேடினார்கள். பார்த்துவரச் சொல்லி என்னையும் தலைமையாசிரியர் அனுப்பினார். பச்சைத் தண்ணீர். கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பதற்குப் போடுவார்களே பாதாளக்கரண்டி, அதை நீளக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். ஒவ்வொரு முறை கயிறு இறுகும்போதும் சுமதியின் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். என் தோளை, டீச்சர். மூன்றாவது முறை நீலமாக ஏதோ மேலே வந்தது. யூனிஃபார்ம் நீலம். அவள் அலறினாள். சிமெண்டு சாக்கு. சுமதி நேற்று மதியம் இருந்தாளா என்றே எனக்குத் தெரியாது, அதற்கு முன்பே வேறெங்காவது போயிருக்கலாம், அங்கும் தேடுங்கள் என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் நான். கயிறு மறுபடியும் இறங்கிற்று. நான் வாயைத் திறக்கவில்லை.

பள்ளிக்குத் திரும்பி வந்தால் ஆசிரியர் அறையில் நீங்கள் பதிவேட்டை விரித்து வைத்திருந்தீர்கள். முந்தின நாள் நாலரை பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போய்விட்டதால் காலையில் வந்துதான் எல்லாம் கேள்விப்பட்டீர்கள். மதியம் முதல் பீரியடில் அந்த இடம் காலியாக இருந்தது உங்களுக்குத் தெரியும். பதிவேட்டைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். மூடி வைத்தீர்கள்.

"பல் வலிக்குது. ஆஸ்பத்திரி போயிட்டு வாரேன் டீச்சர்" என்று குடையை எடுத்துக்கொண்டு போனீர்கள். கடைசி பீரியடுக்குத் திரும்பி வந்தபோது முந்தானை ஓரம் ஈரமாக இருந்தது. கேட்டதற்கு, "வாய் கொப்பளிச்சேன், பட்டுருச்சு" என்றீர்கள்.

சனிக்கிழமை காலை சுமதி கிடைத்துவிட்டாள். தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் போகிறார்கள் என்று பயந்து, வியாழக்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் சைக்கிள் ஷெட்டின் பின்பக்கமாகப் போய், திருச்சிக்குப் பஸ் ஏறி, சித்தி வீட்டில் இருந்திருக்கிறாள். ஊர் மூச்சுவிட்டது. பிள்ளை வந்துவிட்ட சந்தோஷத்தில் யாரும் பதிவேட்டைத் திரும்பப் பிரிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். இப்போது அவள் மஸ்கட்டில் நர்ஸ். தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு வாழ்த்து அனுப்புகிறாள்.

அடைக்கலம் ஆட்டோவை விற்றுவிட்டார் என்று பிறகு யாரோ சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. அவருடைய ஊரான குளத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காருவதை அன்றோடு விட்டேன்.

அடுத்த மாசி, பங்குனியில்தான் நீங்கள் இந்தக் கதையை ஆரம்பித்தீர்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். நீங்கள் ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்வீர்கள், குரலைத் தாழ்த்தி, டிபன் பாக்ஸ் மூடியில் விரலால் தீவை வரைந்து. அறிவியல் சாருக்குப் பொறுமையே கிடையாது.

"ஜப்பான்ல ஒரு பொம்பள காணாமப் போனதுக்கு என் தயிர்சாதம் ஏன் டீச்சர் புளிக்கணும்? புருஷன்தான் கொன்னான்னு சொல்லிட்டு முடிங்க."

"புளிச்சாத்தான் சார் கதை ருசிக்கும். உக்காருங்க."

மூன்றாம் நாள்தான் அந்த இரண்டு துளை விஷயம் வந்தது. கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. ஊறுகாயைத்தான் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். ஒரு நாள் அறிவியல் சார், "அந்தாளு ஏன் உண்மையச் சொல்லாம இருக்கான்? மடையன்" என்றார். அதற்கு நீங்கள் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

"பயம் சார். பயப்படறது தப்பில்ல. அந்தப் பயத்துக்கு டீ ஆத்திக் கொடுத்து, வீட்டுலயே உக்கார வச்சிக்கிறோம் பாருங்க, அதுதான் தப்பு."

கடைசி அத்தியாயத்துக்கு முந்தின நாள், டிக்கெட் மனிதர் பல வருஷம் கழித்து அந்த மீனவரின் வீட்டை நோக்கிப் பனியில் நடக்கிறார் என்ற இடத்தில் நிறுத்தினீர்கள். "மிச்சம் நாளைக்கு." மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று நான் மாடிக்குப் போய்விட்டேன். இருபத்திரண்டு படியும் ஒரே மூச்சில் ஏறினேன். அதற்கடுத்த நாளும் போனேன். நீங்கள் கடைசி அத்தியாயத்தைச் சொல்லவே இல்லை என்று அறிவியல் சார் ரொம்ப நாள் புலம்பினார்.

ஜூனில் நீங்கள் கறம்பக்குடிப் பக்கம் மாற்றலாகிப் போனீர்கள். "நானேதான் கேட்டு வாங்கினேன். அம்மா தனியா இருக்காங்க" என்றீர்கள். பிறகு எத்தனை கல்யாணத்தில் பார்த்துக்கொண்டோம், எத்தனை முறை போனில் பேசினோம். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும், இன்றைக்குக் கேட்டுவிடுவீர்களோ என்று நாலைந்து முறை அடித்த பிறகுதான் எடுப்பேன். நீங்கள் மூட்டுவலிக்கு என்ன தைலம் என்று கேட்பீர்கள்.

படத்தை மூன்று மதியமாகப் பார்த்து முடித்தேன். கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தை நான் படித்து முடிப்பதற்குள் ஆட்கள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்கள், அதனால் நிறுத்தி நிறுத்தித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் கடைசி வரை தீவுக்குத் திரும்பவில்லை. அக்கரையில் வேறொரு ஊரில் உயிரோடு இருந்தாள். யாரும் அங்கே தேடவே இல்லை. மீனவரின் வீட்டுக் கூரைமேல் கல் வந்து விழுந்துகொண்டே இருந்தது. கடைசிக் காட்சியில் டிக்கெட் மனிதர் கதவைத் தட்டுகிறார். கதவு திறக்கிறது. உள்ளேயிருந்து வெளிச்சம் அவர் முகத்தில் விழுகிறது. வாயைத் திறக்கிறார். படம் முடிந்துவிட்டது.

என்ன சொன்னார்? மீனவர் என்ன செய்தார்? காட்டவில்லை. பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அன்று மாடிக்கு ஓடாமல் இருந்திருந்தால் உங்கள் வாயால் கேட்டிருப்பேனே. அப்போதுதான் மேசையில் கவிழ்ந்து கிடந்த புத்தகத்தை எடுத்தேன்.

படத்தில் இல்லாத ஒரு பக்கம் புத்தகத்தில் இருக்கிறது. விரல் வைத்து, அகராதி வைத்து, ஒரு மணி நேரம் படித்தேன். டிக்கெட் மனிதர் மூன்றே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறார். மீனவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். 'அன்று அவ்வளவு குளிராகவா இருந்தது?' அந்த வரிக்குக் கீழே உங்கள் பென்சில் கோடு.

நீங்கள் என்னிடம் கேட்க நினைத்ததும் அதுதானா? பதில் சொல்கிறேன். அன்று குளிரில்லை டீச்சர். இருபத்திரண்டு படி. அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில் நான் குளத்தூர் போனேன். வீட்டில் ரேஷன் கார்டு விஷயம் என்று சொன்னேன். அடைக்கலம் அங்கே பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறார் என்று பஸ்ஸிலேயே ஒருவர் சொன்னார். இறங்கினேன். எதிர்ப்பக்கமே ஒரு பஸ் நின்றது, ஏறி வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அதைப் போகவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொன்றும் போயிற்று.

கடையில் அவரும் அவர் மனைவியும். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒருவன் வண்டியில் இருந்தபடியே கத்தினான், "மாமோவ், ரெண்டு டீ!" அவர் திரும்பவில்லை. பெஞ்சில் இருந்த கிழவர் என்னிடம் சிரித்தார். "அவனுக்கு இடது காது கேக்காதுங்க. அங்கிட்டு நின்னு டீ சொன்னா அடுத்த பொங்கலுக்குத்தான் வரும்." பிறகு அவரே எழுந்து வலது பக்கம் போய்ச் சொன்னார்.

எப்படிக் கேட்காமல் போயிற்று என்று நான் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

"கணக்கு டீச்சருங்களா?" அடைக்கலமே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க, வாங்க. உக்காருங்க. சீனி போடலாமா, சுகருங்களா?"

சீனி வேண்டாம் என்றேன். ரிடையர் ஆனது, மழை, மகன் திருப்பூரில் இருப்பது என்று பேசினார். கூட்டம் கலைந்த பிறகு, "அந்த சுமதி விசயமா ஒண்ணு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அதான் அப்பவே தெரிஞ்சு போச்சே டீச்சர். இங்கிலீஷ் டீச்சர் வந்து சொல்லிட்டாங்கள்ல."

"என்ன சொன்னாங்க?"

"மறுநாள் மத்தியானம் நான் ஆஸ்பத்திரில கெடக்கேன். அந்தப் புள்ளயோட அப்பனக் கையோட கூட்டிக்கிட்டு வந்தாங்க. 'மத்தியானம் மொத பீரியட் என்னோடது. புள்ள இல்ல. நாந்தான் பாக்காம கோடு போட்டுட்டேன். இவரு மேல ஒரு தப்பும் இல்ல, புள்ளய மத்தியான பஸ்ஸுல தேடுங்க'ன்னு அம்புட்டு பேரு முன்னாலயும் சொன்னாங்க. அதுக்கப்பறந்தான் கண்டக்டரப் புடிச்சு விசாரிச்சு, புள்ளயக் கண்டுபுடிச்சாங்க."

கையிலிருந்த டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன்.

"எம் பொண்டாட்டி இருக்காளே, செருப்பக் கழட்டிட்டா. நாந்தான் கையப் புடிச்சேன். விட்டாளா? மூஞ்சில காறித் துப்பிட்டா. அவங்க ஒண்ணும் பேசல. முந்தானையத் தண்ணில நனச்சுத் தொடச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க." பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார், "அதுக்காகத்தான் அவங்கள கறம்பக்குடிக்குத் தூக்கி அடிச்சாங்கன்னு பேசிக்கிட்டாங்க. நெசமோ என்னமோ. இப்ப எறந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நான் போகல டீச்சர். மனசு வரல."

நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு அவருக்கு இடது பக்கம். தெரிந்தேதான் அங்கே உட்கார்ந்தேனோ என்னவோ. கண்ணாடி டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "கோடு போட்டது அவங்க இல்ல. நான்."

அவர் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

சொல்லிவிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து போய்விடலாம். பிறகு யாராவது கேட்டால், நான் சொன்னேன் என்று மனசாட்சியிடம்கூடச் சொல்லிக்கொள்ளலாம். பெருக்கல் குறி போட்டாயிற்று. ஆள் இருந்ததா இல்லையா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? பயம் இவ்வளவு நல்ல கணக்குப் போடும் என்று அன்றுதான் தெரிந்தது. உங்கள் ஈர முந்தானை கண்ணுக்குள் வந்தது. எழுந்தேன். பாய்லரைச் சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கம் போய் நின்றேன். நாலு எட்டுத்தான். என் ஆயுளில் அவ்வளவு தூரம் நடந்ததில்லை.

"அடைக்கலம், நான் சொல்றதக் கேளுங்க. அந்தக் கோட்டப் போட்டது நான். காலையிலேயே போட்டேன். மதியம் இருந்தான்னு பொய் சொன்னதும் நான். அந்த டீச்சர் ஒண்ணும் செய்யல."

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. உள்ளே வடை தட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி வெளியே வந்தாள். பெஞ்சுக் கிழவர் பேப்பரைத் தாழ்த்தினார். அடைக்கலம் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். கையைத் துண்டில் துடைத்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

"அப்ப அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்க?"

பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவங்க சாவுக்குக்கூட நான் போகலியே" என்றார், என்னிடம் இல்லை, பாய்லரிடம்.

அவர் மனைவிதான் என் பக்கம் வந்தாள். "ஏன் டீச்சர் இம்புட்டு நாளு?"

"பயம்மா."

"ஒங்களுக்கு மட்டுமா பயம்? இவரு இன்ன வரைக்கும் ரோட்டுல பொட்டப்புள்ள யாராச்சும் தனியா வந்தா அங்கிட்டு ஒதுங்கிப் போயிருவாரு. சொந்தப் பேத்தியப் பள்ளிக்கூடத்துல விடச் சொன்னா மாட்டேங்குறாரு. இதுக்கு என்ன சொல்றீங்க?"

டீ ஆறிப்போயிருந்தது. நான் கிளம்பும்போது அடைக்கலம் பின்னாலிருந்து கேட்டார், "அவங்க கல்லறை எங்கிட்டு இருக்கு?"

நேற்று ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்குத் தெரிந்திருக்கும், நாங்கள் மூன்று பேர் வந்திருந்தோம். பஸ்ஸில் அவர்கள் இருவரும் எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்தார்கள். என்னோடு பேசவில்லை. புதுக்கோட்டையில் பஸ் மாறும்போது நான் வாங்கிக் கொடுத்த தண்ணீர் பாட்டிலையும் வாங்கிக்கொள்ளவில்லை. அது சரிதான்.

உங்கள் கல்லின்மேல் புழுதியும் வேப்பஞ்சருகும் இருந்தன. அவர் மனைவி மெழுகுவர்த்தியை உடனே ஏற்றவில்லை. முதலில் குனிந்து உட்கார்ந்தாள். தான் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் தன் முந்தானையை நனைத்து, உங்கள் பெயரை எழுத்து எழுத்தாகத் துடைத்தாள். அடைக்கலம் தலைமாட்டில் நின்றார், யார் பேசினாலும் நிற்பாரே, அதுபோலத் தலையைச் சாய்த்து வலது காதை உங்கள் பக்கம் கொடுத்துக்கொண்டு. நான் வாசல் கேட் அருகில் நின்றேன். பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை.

தலைமையாசிரியர் இப்போது இல்லை, அந்தப் பதிவேட்டைக் கரையான் தின்றிருக்கும். சுமதிக்கு மட்டும் இன்னும் எழுதவில்லை. இந்த மடலை முடித்ததும் அவளுக்கு எழுத வேண்டும். மாற்றலை நீங்கள் கேட்டு வாங்கினீர்களா, அவர்கள் கொடுத்தார்களா என்று இனி யாரிடம் கேட்பேன்? அதுவும் என்னோடுதான் இருக்கப் போகிறது.

டாக்டர் எனக்குக் காலை ஒரு மாத்திரை, மாலை ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார். மறந்துவிடக் கூடாதென்று தினசரிக் காலண்டர் தாளில் குறித்து வைக்கிறேன். காலைக்கு ஒரு சாய்கோடு, மாலைக்கு எதிர்ச்சாய்கோடு. "ஒரேடியாப் பெருக்கல் போட்டுட்டுப் போயேன், அதுக்கு எதுக்கு ரெண்டு தடவ கண்ணாடியத் தேடுற?" என்று இன்று காலைகூட என் வீட்டுக்காரர் கேலி செய்தார். இப்போது மணி இரண்டு. தாளில் ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது டீச்சர். மாலை இன்னும் வரவில்லை.